கிரீடமும் இன்க்ரிமென்ட்டும்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஸ்டோன்ஹேவன் என்று ஒரு சின்ன ஊர். மார்ஸ் சாக்லேட்டை பஜ்ஜி மாதிரி மாவில் தோய்த்து எண்ணெயில் போட்ட முதல் ஊர் எங்களுதுதான் என்கிறார்கள். ஒன்று தின்றால் மூன்று கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். வசதியாக, அதே தூரத்தில் டன்னாட்டர் கோட்டை.

துறைமுகம் தாண்டியதும் ஏற்றம். மேலே ஒரு போர் நினைவுச் சின்னம். பாதியில் செத்தவர்களுக்காக வேண்டுமென்றே பாதி கட்டினது மாதிரி கட்டியிருக்கிறார்கள். அப்புறம் இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். காற்று சட்டையைக் கழற்றப் பார்க்கிறது. ஒரு திருப்பத்தில் திடீரென்று கோட்டை! 160 அடிப் பாறை, மூணு பக்கமும் கடல், உச்சியில் கூரையில்லாத சுவர்கள். படி இறங்கி, மறுபடி படி ஏறணும். முழங்கால் பேச ஆரம்பித்துவிடும்.

1651-ல் கிராம்வெல்லின் படை இதை வளைத்துக்கொண்டது. ராஜாவையே 1649-ல் தலை வெட்டியாச்சு. இங்கிலாந்துக் கிரீடத்தை உருக்கியாச்சு. பாக்கி, இந்தக் கோட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த ஸ்காட்லாந்துக் கிரீடம், செங்கோல், வாள். உள்ளே சுமார் எழுபது பேர்தான். எட்டு மாசம் தாக்குப்பிடித்தார்கள். 1652 மே மாதம் கதவு திறந்தது. கிரீடத்தைக் காணோம்!

கின்னெஃப் கிராமத்துப் பாதிரியாரின் மனைவி கிறிஸ்டியன் ஃப்ளெச்சர் முன்பே கடத்தியாச்சு. பாவாடைக்குள் மறைத்துக் காவலர் நடுவே வந்தார் என்பது ஒரு கதை. கயிற்றில் கீழே இறக்கி, கடல்பாசி பொறுக்கும் வேலைக்காரியின் கூடையில் போட்டார்கள் என்பது இன்னொன்று. எதுவானாலும், சர்ச் தரைக்கடியில் எட்டு வருஷம் பத்திரமாக இருந்தது. கோட்டைத் தலைவர் ஓகில்வியும் மனைவியும் ஜெயிலுக்குப் போனார்கள். வாயைத் திறக்கவில்லை.

1660-ல் ராஜா திரும்பி வந்தார். பங்கு கேட்டு அடிதடி. ஓகில்விக்கு ஒரு பட்டம். கிறிஸ்டியனுக்கு 2000 மெர்க் தருவதாக பார்லிமென்ட் தீர்மானம். கோட்டைச் சொந்தக்காரப் பிரபுவின் தம்பி ஜான் கீத், கிரீடம் பிரான்ஸ் போய்விட்டதாகப் புரளி கிளப்ப உதவியவர். அவருக்கு பதவி, 1677-ல் கின்டோர் பிரபு பட்டமும்!

உங்க ஆபீஸில் இன்க்ரிமென்ட் லிஸ்ட் வந்தாச்சா சார்?