கருவி வரையும் குறிஞ்சி

சொற்களைக் கொடுத்தால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022ஆம் ஆண்டு முதல் பொதுமக்களிடையே பரவலாயின. தூரிகை பிடிக்கத் தெரியாதவரும் தம் கற்பனையைக் காட்சியாக்க இவை உதவுகின்றன. பள்ளி விழா அழைப்பிதழுக்கும் நாம் எழுதிய கதைக்கும் சில நொடிகளில் படம் கிடைத்துவிடுகிறது. இப்பயனை மறுத்தல் இயலாது.

எனினும், இதற்கோர் எல்லை உண்டு. இக்கருவி எதையும் நேரில் கண்டு வரைவதில்லை. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றுக்குரிய குறிப்புகளையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட அது, கேட்ட சொல்லுக்கு எது பொருந்தக்கூடும் என்று கணித்தே வரைகிறது.

நீலக்குறிஞ்சியை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் மலர் அது. மூணாறு மலைகளில் 2018இல் பூத்தது. தில்லியில் தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் குறிஞ்சித் திணைப் பாடத்திற்கு அம்மலரின் படத்தைக் கேட்டால், வேறொரு நீலமலரையும் கருவி தயக்கமின்றித் தரக்கூடும். மலரை அறிந்தவர் பிழையைக் கண்டுகொள்வார். அறியாதவரோ அதனையே குறிஞ்சி என மனத்தில் பதித்துக்கொள்வார். யாருக்குப் படம் மிகவும் தேவையோ, அவருக்கே அதனைச் சரிபார்க்கும் வழியில்லை.

ஆகவே, மாணவர்களே! கற்பனைக்குக் கருவியை நாடுங்கள். உண்மைக்கு நூலையும் ஒளிப்படத்தையும் நாடுங்கள். கருவி தந்த படத்தின்கீழ், ‘செயற்கை நுண்ணறிவால் வரையப்பட்டது’ எனத் தவறாது குறிப்பிடுங்கள். அதனைக் காணும் அடுத்தவரேனும் ஏமாறாதிருப்பார்.