பட்டாவை மாற்ற என்ன அவசரம்?

பழைய பிரவுசர்களிலும் புதிய வசதிகளை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் கோர்-ஜேஎஸ். அதன் மீது நிற்கும் இணையதளங்களுக்குக் கணக்கில்லை. அதைப் பெரும்பாலும் தனியாளாகப் பராமரித்து வந்த ரஷ்யர், ஒரு சாலை விபத்து வழக்கில் தண்டனை பெற்று 2020-இல் மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். ரூபி நிரலாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ‘ரேக்’ கருவியை உருவாக்கிய ஜிம் வெய்ரிச் 2014 பிப்ரவரியில் காலமானார். இன்னும் எத்தனையோ பேருக்குக் குழந்தை பிறந்தது, வேலை மாறியது, அல்லது வெறுமனே சலித்துப்போனது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இவை அனைத்தும் ஒன்றுதான்: வழுவைச் சொல்லி எழுதினோம், பதில் இல்லை.

திறமூல மென்பொருளில் இது அன்றாடத் தொல்லை. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு, பராமரிப்பாளரை மாற்றிவிடுவது. தீர்வு தவறென்று சொல்லவில்லை; அதற்குக் காட்டப்படும் அவசரம்தான் ஆபத்து. பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டில் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டினால் வெளியே இருக்கும் வால்வை மூடுகிறோம். அதற்காக வீட்டின் பட்டாவை நம் பெயருக்கு எழுதிக்கொள்வதில்லை. பழுதை நீக்குவதும் உரிமையை மாற்றுவதும் இரு வேறு காரியங்கள். முன்னதை நாள்கணக்கில் செய்யலாம். பின்னது வாரக்கணக்கில், பலர் பார்க்க நடக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை விதியாகவே எழுதி வைத்திருப்பது டெபியன். 1993-இல் தொடங்கிய இந்த லினக்ஸ் திட்டத்தில் ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. தனியாளாகவோ குழுவாகவோ இருக்கலாம். அவர் பேசாமல் இருந்தால், வேறொரு டெபியன் உறுப்பினர் அந்த வழுவை மட்டும் திருத்திப் பதிவேற்றலாம். பொறுப்பாளர் அல்லாதவரின் பதிவேற்றம் (non-maintainer upload) என்பதன் சுருக்கமாக இதை ‘என்எம்யூ’ என்பார்கள். பதிப்பு எண்ணிலேயே ‘இது பொறுப்பாளர் செய்ததல்ல’ என்ற குறி இருக்கும். செய்த மாற்றத்தை வழுப் பதிவில் இணைக்க வேண்டும். சாதாரண வழுவென்றால் பதிவேற்றியது 10 நாள் காத்திருப்பு வரிசையில் கிடக்கும், கடுமையானதென்றால் 5 நாள், மிக அவசரமென்றால் அதற்கும் குறைவு. அதற்குள் பொறுப்பாளர் விழித்துக்கொண்டால் தடுக்கலாம். திருத்தம் உள்ளே போன பிறகும் பொதி அவருடையதுதான். ‘என் பொதிகளை யார் வேண்டுமானாலும் தாராளமாகத் திருத்தலாம்’ என்று தாமாகவே பட்டியலில் பெயர் கொடுத்திருப்பவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. மானப் பிரச்சினைக்கே இடமில்லை.

உரிமையை மாற்றுவது தனி நடைமுறை. பொதி கைவிடப்பட்டது என்று நினைப்பவர் ஆதாரங்களோடு அறிவிக்க வேண்டும். 21 நாள் ஆட்சேபணைக்குக் காத்திருக்க வேண்டும். பிறகும் பதிவேற்றம் ஒரு வாரம் வரிசையில் நிற்கும். மற்றொரு லினக்ஸ் திட்டமான ஃபெடோராவிலும் ஏறக்குறைய இதே கதைதான்: வழுவறிக்கை, நினைவூட்டல், பொது அறிவிப்பு, கடைசியில் பொறியியல் குழுவின் முடிவு. டெபியன்காரர்களின் நிதானத்தைக் கேலி செய்வது லினக்ஸ் உலகின் பழைய பொழுதுபோக்கு. 2024-க்குப் பிறகு அந்தக் கேலியில் அவ்வளவு சுவை இல்லை.

எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியை லாஸ்ஸே காலின் என்பவர் ஊதியமின்றிப் பல ஆண்டுகள் பராமரித்தார். 2022-இல், முன்பின் அறியாத சில பெயர்கள் அவரை நெருக்கத் தொடங்கின. வேலை தாமதமாகிறது, ஆர்வம் போய்விட்டதென்றால் வேறொருவரிடம் விடலாமே என்று நச்சரித்தன. தம் மனநலம் சரியில்லை என்றும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்றும் அவர் வெளிப்படையாகவே சொன்னார். நெருக்கடி நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் பொறுமையாக, நல்ல திருத்தங்களோடு பக்கத்திலேயே ஒருவர் இருந்தார்: ஜியா டான் என்ற பெயர். சாவி மெல்ல அவர் கைக்குப் போனது. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒளிந்திருந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் செல்லும் எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் மார்ச் 29 அன்று உண்மையை வெளியிட்டார். டெபியனில் அந்தப் பின்கதவு சோதனைப் பதிப்புகளோடு நின்றது. நிலைப் பதிப்புக்கு வந்து சேரவில்லை.

அந்தப் பெயர்கள் கேட்டது என்ன என்று பாருங்கள். இந்த வழுவைத் திருத்து என்பதோடு அவை நிற்கவில்லை; ஆளை மாற்று என்றன. பழுதால் அவதிப்படுபவர் பெரும்பாலும் திருத்தத்தோடு வருவார். எடுத்த எடுப்பில் சாவியைக் கேட்பவரிடம் சற்று நிதானிக்கலாம். 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் நூலகத்தை எழுதிய டொமினிக் டார் அப்படி நிதானிக்கவில்லை. தான் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்ட அதை, உதவுகிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பிய அந்நியரிடம் கொடுத்தார். வாரத்துக்குப் பத்து லட்சம் முறைக்கு மேல் தரவிறக்கப்பட்ட நூலகம், ஒரு பிட்காயின் பணப்பையைக் குறிவைக்கும் கருவியானது. அவரைத் திட்டியவர்கள் அதிகம். சம்பளமில்லாத ஒருவரின் சலிப்பைக் குற்றமாக்க எனக்கு மனம் வரவில்லை. கைமாற்றும்போது கேள்வி கேட்க ஓர் அமைப்பு அங்கே இல்லை என்பதுதான் குறை.

என் வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு. எக்ஸ்இசட் விவகாரத்தின் கடைசி வாரத்தில், 5.6.1 பதிப்பைச் சேர்க்கும்படி டெபியனில் கோரிக்கை வைத்த ஒரு பெயர், என்எம்யூ வழியையே கையில் எடுத்தது. பொறுப்பாளரைத் தாண்டித் திருத்தும் கதவு திருடனுக்கும் கதவுதான். ஆகவே அந்த வழியில் வர வேண்டியது வழுவுக்கான சின்னத் திருத்தம், படித்துப் பார்க்கக்கூடிய அளவில். முழுப் புதிய பதிப்பைத் திருத்தம் என்று ஏற்கக்கூடாது.

டெபியன் போன்ற திட்டங்களுக்கு வெளியே, மென்பொருளை எழுதும் மூல ஆசிரியர்களின் உலகில் இத்தகைய நடைமுறைகள் அரிது. பைத்தானின் பொதிக் கிடங்கான பைபிஐ விதிவிலக்கு. ஒரு பெயர் கைவிடப்பட்டதா என்று முடிவெடுக்குமுன் உரிமையாளரைக் குறைந்தது 3 முறை தொடர்புகொள்ள முயல வேண்டும். 6 வாரம் பார்க்க வேண்டும். கேட்பவரும் சும்மா வர முடியாது. தன் பிரதியில் செய்த மேம்பாடுகளைக் காட்டி, வேறு பெயரில் வெளியிட்டால் ஏன் போதாது என்றும் விளக்க வேண்டும். விதி நல்ல விதி. ஆனால் கோரிக்கைகள் மாதக்கணக்கில் தேங்கின. சரிபார்ப்பவர்களும் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தன்னார்வலர்கள்தானே. 2024-இல் பைத்தான் அறக்கட்டளை இந்த ஆதரவுப் பணிக்கென்றே சம்பளத்துக்கு ஒருவரை நியமித்தது. தேக்கம் கரையத் தொடங்கியது. பதில் வரவில்லை என்று உரக்கப் புகார் சொல்லும் நிறுவனங்கள், அதே வேலைக்கு இன்னும் நான்கு பேரின் சம்பளத்தைக் கொடுக்கலாம். அவற்றின் ஒரு மாத மேகக்கணினி வாடகைக்கு முன்னால் அது பெரிய தொகையல்ல.