உறையில் ஒரு பெயர்

திருச்செங்கோட்டுக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் ஏலம் போகும் மஞ்சள், மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்குச் செல்கிறது. பொடியாகி அது கடைக்கு வரும்போது, உறைமீது பெரும்பாலும் வேறொரு பெருநிறுவனத்தின் பெயரே மின்னுகிறது. விளைந்த ஊரிலேயே அரைத்து விற்க முனைவோர் பலர் உளர். அவர்களைத் தடுப்பவற்றுள் அச்சுமுறையும் ஒன்று என்பது பலரும் எண்ணிப் பாராதது.

பளபளக்கும் நெகிழிப் பைகள் பெரும்பாலும் குழியச்சு முறையில் உருவாகின்றன. செம்பு பூசிய எஃகு உருளையில் நுண்குழிகள் வெட்டப்பட்டிருக்கும். மையில் தோய்ந்து சுழலும் உருளையின் மேற்பரப்பைக் கத்தி வழித்துவிட, குழிகளில் தங்கிய மை மட்டும் நெகிழிப் படலத்தில் பதிகிறது. நிறம் ஒன்றுக்கு உருளை ஒன்று. ஆறு நிறமெனில் ஆறு உருளைகள்! இலட்சக்கணக்கில் அச்சிடுவோர்க்கு அச்செலவு பொருட்டன்று. ஆயிரம் பைகள் மட்டுமே வேண்டுவோர் என் செய்வர்? எழுத்தில்லாப் பையை வாங்கி ஒட்டுத்தாள் ஒட்டுகின்றனர். கடையில் அது ஏழையாய்த் தோன்றுகிறது.

இங்கேதான் சிவகாசி நினைவுக்கு வருகிறது. 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். தீப்பெட்டிக்கு ஒட்டுப்படம் வேண்டியிருந்தது. அத்தேவையைப் பற்றிக்கொண்டு அச்சுத்தொழிலும் அவ்வூரில் தழைத்தது. தீக்குச்சியைவிடப் படத்துக்காகவே பெட்டியைச் சேர்த்துவைத்த சிறுவர்கள் அன்று எத்தனை பேர்! இன்று அங்கு ஓங்கியிருப்பது மறுதோன்றி அச்சு. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. அலுமினியத் தகட்டிலிருந்து இரப்பர் விரிப்புக்கும், அதிலிருந்து தாளுக்கும் உருவம் மாறுகிறது. குழியச்சு உருளையோடு ஒப்பிட்டால் தகட்டின் விலை மிகக் குறைவு. நெளிதாள் பெட்டிகளுக்கு நெகிழ்தகட்டு அச்சும், மஞ்சள் துணிப்பைக்குத் திரை அச்சும் ஏற்றவை. எண்ணிம அச்சுக்கோ தகடே வேண்டா. ஆயினும் எத்துணை அச்சிட்டாலும் ஒன்றின் விலை பெரிதாகக் குறைவதில்லை.

ஒரே முறையைத் தேர்ந்தாக வேண்டும் என்னும் எண்ணத்தையே நாம் கைவிடலாம் என்பது என் கருத்து. சிறு உற்பத்தியாளர் பலர் கூடி, பொதுவான அட்டைப்பெட்டியை மறுதோன்றி முறையில் மொத்தமாக அச்சிடட்டும். அதில் விடப்பட்ட வெற்றிடத்தில் அவரவர் பெயர், முகவரி, எடை, விலை, பொதியிட்ட மாதம் ஆகியவற்றை எண்ணிம முறையில் பதிக்கட்டும். இவற்றுள் பெரும்பாலானவற்றைப் பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளும் கேட்கின்றன.

அட்டை மட்டும் மஞ்சளின் மணத்தைக் காக்காது. உள்ளே எழுத்தில்லா நெகிழிப் பை ஒன்று வேண்டும். அதை ஒரே வகை நெகிழியால் செய்தால் மறுசுழற்சி எளிது. படலங்களுக்கிடையே மை சிறைப்பட்ட பல்லடுக்குப் பையைப் பிரித்தெடுப்பது அரிது. பத்து ரூபாய்ப் பொட்டலத்துக்கு இவ்வழி கட்டுப்படியாகாது என்பது மெய்யே. அரைக் கிலோ, ஒரு கிலோப் பெட்டிகளில் தொடங்கலாம். எல்லாப் பெட்டிகளும் ஒன்றுபோல் இருக்குமே எனச் சிலர் தயங்கக்கூடும். தங்கள் பெயரே இல்லாத மூட்டைகளும் அப்படித்தானே இருக்கின்றன?