பிரித்துப் பார்க்கும் பொம்மை

பொத்தானை அழுத்தியவுடன் பாடும், ஓடும், ஒளிரும் பொம்மைகள் இன்று கடைகளில் நிறைந்துள்ளன. குழந்தைகளின் கண்களை அவை எளிதில் கவர்கின்றன. ஆயினும், தம்முள் நிகழ்வது என்ன என்பதை அவை காட்டுவதில்லை. பொம்மை ஆடுகிறது, குழந்தை வேடிக்கை பார்க்கிறது. சில நாள்களில் சலிப்பு உண்டாகிறது. மின்கலம் தீர்ந்ததும் பொம்மை மூலையில் ஒதுங்குகிறது. குழந்தையின் கைக்கும் அறிவுக்கும் வேலை தரும் பொம்மையே சிறந்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இதற்கு நல்வழி காட்டியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளரான இவர், 1978ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில் நடைபெற்ற பள்ளி அறிவியல் திட்டத்தில் பங்கேற்றார். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் கொண்டு வடிவங்கள் செய்யும் முறையை உருவாக்கினார். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணத்தை அழுத்தினாலும் அதன் வடிவம் மாறாது. நான்கு குச்சிகளால் ஆன சதுரமோ எளிதில் சாய்ந்துவிடும். பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் முக்கோணங்கள் மிகுந்திருப்பதன் காரணம், இதைச் செய்து பார்க்கும் சிறுவர்க்குத் தானே விளங்கும். எறியப்படும் பொருள்களிலிருந்து எண்ணற்ற அறிவியல் பொம்மைகளை உருவாக்கிய இவருக்கு 2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்வுண்மை தமிழர்க்குப் புதியதன்று. அடி உருண்ட தஞ்சாவூர்ப் பொம்மையை எப்பக்கம் தள்ளினாலும் அது எழுந்து நிற்கும். அதனுள் மின்கலமும் இல்லை, கம்பியும் இல்லை. அடிப்பகுதி கனமாகவும் வளைந்தும் இருப்பதே அதன் இரகசியம். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும் பொருள் எளிதில் கவிழாது என்னும் பாடத்தை, அது விளையாட்டாகவே கற்பித்துவிடுகிறது.

மின்பொம்மைகளால் பயனே இல்லை என்று கூறுவது முறையன்று. பழுதான பொம்மைக் காரைத் திறந்தால், சிறிய மோட்டாரும் பற்சக்கரங்களும் தென்படும். சிறிய பற்சக்கரம் பெரியதைச் சுழற்றும்போது வேகம் குறைந்து, சுழற்றும் விசை கூடுவதைக் காணலாம். சில வேளைகளில் அறுந்த கம்பியோ துருப்பிடித்த தகடோ பழுதுக்குக் காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்து காரை மீண்டும் ஓடவிடும் சிறுமி அடையும் மகிழ்ச்சி, புதிய காரை வாங்கும்போது கிடைப்பதில்லை. எனினும், மின்கலத்தை முதலில் அகற்றிய பின்னரே, பெரியவர் துணையுடன் பொம்மையைத் திறத்தல் வேண்டும். மின்கலத்தை உடைப்பதும் சுவர் மின்சாரத்தில் சோதனை செய்வதும் ஒருபோதும் கூடா.

இங்குப் பெற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. பணியின் பொருட்டுப் பிற மாநில நகரங்களில் வாழும் குடும்பங்களில், பெற்றோர் இருவரும் மாலையில் களைத்து வீடு திரும்புகின்றனர். தம்மால் தர இயலாத நேரத்திற்கு ஈடாக விலையுயர்ந்த பொம்மையைச் சிலர் வாங்கித் தருகின்றனர். அன்பால் செய்யும் செயலே இது. ஆனால் பொம்மை பெற்றோர்க்கு ஈடாகாது. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் பிள்ளையுடன் அமர்ந்து திருப்புளியைக் கையில் எடுத்தால், பொம்மையும் சீராகும்; பேச்சும் வளரும். திருகாணி, பற்சக்கரம், காந்தம் முதலிய தமிழ்ச் சொற்களும் பிள்ளையின் நாவில் இயல்பாகப் பழகும்.

சரிசெய்யவே இயலாத மின்பொம்மையைக் குப்பைத் தொட்டியில் எறியாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்தல் நன்று. அதற்கு முன் ஒருமுறையேனும் அதைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். பழுதானவற்றையெல்லாம் எறியப் பழகும் பிள்ளை வாங்குவதற்கு மட்டுமே கற்கும். பிரித்துப் பார்க்கும் பிள்ளையோ, நாளை புதியது படைக்கவும் துணியும்.