பேயும் பொய்யும்

“ஐயா, இன்றிரவு கொட்டகையில் பேய் பார்க்கப் போகிறோம், தாங்களும் வரவேண்டும்” என்று மாணவர் நால்வர் வந்து அழைத்தபோது முதலில் சிரித்தேன், பின்னர் இசைந்தேன். இளைஞரைத் தடுப்பதினும் அவர்களோடு சென்று பார்ப்பது ஆசிரியனுக்கு அழகு என்று தோன்றியது. கண்டரமாணிக்கத்தை அடுத்த ஊர் ஒன்றில், முன்பு நாடகக் கொட்டகையாகவும் பின்பு படக் கொட்டகையாகவும் விளங்கி, இன்று மூடிக் கிடக்கும் பழங்கட்டடம் அது.

நம் செட்டிநாட்டுக்கும் கொட்டகைக்கும் உள்ள உறவு பழமையானது. தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஒரு நாடகக் கொட்டகையையும் அதன் சுற்றிடத்தையும் குத்தகைக்கு எடுத்தே ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கு உருவானதே. அத்தகைய மண்ணில், கலை வளர்த்த இடங்கள் பேய் வாழும் இடங்களாகப் பெயர் பெறுவது வருந்தத்தக்கது.

நள்ளிரவு கடந்ததும் உள்ளே அமர்ந்தோம். சிறிது நேரத்தில் தலைக்குமேல் ‘டக், டக்’ என்று ஓர் ஓசை எழுந்தது. யாரோ கூரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பது போன்றே இருந்தது. மாணவர் ஒருவர் என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். என் நெஞ்சும் படபடத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கைவிளக்கை மேலே செலுத்திப் பார்த்தோம், எவரும் இல்லை. பகல் வெயிலில் விரிந்த தகரக் கூரை, இரவுக் குளிரில் சுருங்கும்போது எழுப்பும் ஒலி அது. இயற்பியல் பயிலும் மாணவரே அதனைக் கண்டு சொன்னார். அனைவரும் சிரித்தபடி வீடு திரும்பினோம்.

காரணம் எப்போதும் இத்துணை எளிதாகக் கிடைப்பதில்லை. இங்கிலாந்தில் விக் டாண்டி என்னும் பொறியாளர், பேய் உலவுவதாகச் சொல்லப்பட்ட ஆய்வுக்கூடத்தில் தனித்திருந்தபோது, கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்று தோன்றக் கண்டார். மறுநாள், பிடியில் பொருத்தி வைத்த வாளின் அலகு தானே அதிர்ந்தது. அவர் ஓடவில்லை, ஆராய்ந்தார். புதிதாகப் பொருத்திய காற்றாடி ஒன்று, நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகள் கொண்ட, காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பியதே காரணம் என்று கண்டு, 1998-இல் கட்டுரையாக வெளியிட்டார். எல்லாப் பேய்க் கதைகளுக்கும் இதுவே விடை என்று கொள்வதற்கில்லை. எனினும் அஞ்சிய மனிதர் காரணத்தைத் தேடினார் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

ஆனால் எங்கள் கதை அங்கு முடியவில்லை. மறுநாள், “கூரையில் பேய் நடந்ததைக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்டார்களாம்” என்ற பேச்சு ஊரெங்கும் பரவிவிட்டது. வேடிக்கைக்காக நால்வரில் ஒருவர் கதையின் முற்பாதியை மட்டும் சொல்லியிருந்தார்! தகரத்தைப் பற்றிய பிற்பாதி எவர் காதிலும் விழவில்லை. அக்கொட்டகையின் முகப்பில், விடியுமுன் அடுப்பு மூட்டி இட்டிலி விற்றுப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. முதல் பேருந்துக்குச் செல்வோரே அவருக்கு வாடிக்கையாளர். இருட்டில் அப்பக்கம் வர அவர்கள் அஞ்சினர். “பேய் வந்தாலும் அதுக்கும் நாலு இட்டிலி வைப்பேன் ஐயா, மனுசர் வரலையே!” என்றார் அந்த அம்மையார். எனக்குத் தலை கவிழ்ந்தது.

நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளை (1867–1922) அப்போது நினைத்துக்கொண்டேன். அவர் சனீசுவரன் வேடத்தில் தோன்றியதைக் கண்டு அஞ்சிய பெண்ணொருத்தியின் கரு கலைந்தது என்றும், அதுபோன்ற நிகழ்ச்சிகளால் மனம் வருந்தி அவர் வேடம் புனைவதையே விட்டார் என்றும் நாடக உலகில் சொல்லப்பட்டு வருகிறது. தம் கலையின் வெற்றி என்று அவர் அதனைக் கொண்டாடவில்லை. பிறர் அச்சத்துக்குத் தாம் பொறுப்பு என்று உணர்ந்த பெருமகனார் அவர். அவர் இயற்றிய ‘வள்ளி திருமணம்’ இன்றும் நம் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறுகிறது. நாமோ பொழுதுபோக்குக்காக ஓர் ஏழையின் அடுப்பை அணைத்தோம்!

இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், பேய் உலவும் என்று சொல்லப்பட்ட இடங்களை நேரில் ஆராய்ந்தவர். அற்புத ஆற்றலை மோசடியின்றி மெய்ப்பிப்போருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் மறையும்வரை எவரும் அதனைப் பெறவில்லை. அவருடைய கொள்கைகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத படைப்புகள் உண்டா என்பது நம்பிக்கை சார்ந்த வேறு வினா. ஆயினும், தாம் கண்டதை ஒளிக்காமல் எழுதி உலகுக்கு அறிவித்தாரே, அந்த நேர்மை எல்லார்க்கும் பொது.

மாணவச் செல்வங்களே! இரவில் பேய் தேடச் செல்வது தவறென்று சொல்லமாட்டேன். அறியும் வேட்கை இளமைக்குரியது. ஆனால் இரவில் தேடியவன் காலையில் முழு உண்மையையும் சொல்லக் கடமைப்பட்டவன். பேய்க்கு அஞ்சாத நெஞ்சு பொய்க்கு அஞ்சவேண்டும்.

அந்நால்வரும் அதனை உணர்ந்தனர். ஒரு வாரம் விடியுமுன் அக்கடையில் அமர்ந்து இட்டிலி உண்டு, வருவோர் போவோர்க்கெல்லாம் தகரத்தின் கதையைச் சொன்னார்கள். மூதாட்டியின் அடுப்பு மீண்டும் எரிகிறது. அவ்விரவில் நாங்கள் செய்த ஆராய்ச்சி அன்றுதான் நிறைவுற்றது.