ஆழம் பார்க்க ஒரு துண்டு போதும்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் மொழி. அதன் பொருளை இவ்வாண்டு எங்களுக்குக் கற்பித்தது, இயற்பியல் ஆய்வுக்கூடத்தை ஒட்டியுள்ள சிறிய இருட்டறை.

பல்லாண்டுகளாக மணியடித்து, ஓடி விழுந்தோரின் முழங்காலுக்கு மருந்திட்ட எங்கள் ஆயாம்மா பணி ஓய்வு பெற்றார்கள். பிரிவுபசார விழாவில் அவர்களைப் படமெடுக்கும் பொறுப்பு புகைப்படக் கழகத்தாராகிய எங்களுக்குக் கிடைத்தது. கையில் இருந்ததோ ஒரே ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள். பள்ளியில் கைபேசிக்கு அனுமதி இல்லை. மண்டபத்திலோ வெளிச்சம் குறைவு. ஆகவே, 400 வேகமுள்ள அச்சுருளை 1600 எனக் கணக்கிட்டுப் படமெடுத்தோம். பிறகு டெவலப்பரில் சரிபாதி நீர் கலந்தோம். நேரத்தை மனக்கணக்காகக் கூட்டினோம். கோடை வெப்பத்துக்கு அஞ்சிப் பனிக்கட்டி இட்டதில் கரைசல் 20 பாகைக்குப் பதிலாக 17 பாகைக்குக் குளிர்ந்துவிட்டது.

ஹைப்போவிலிருந்து சுருளை எடுத்துப் பார்த்தபோது எங்கள் முகம் வாடிற்று. ஆயாம்மாவின் வெள்ளைச் சேலை தெரிந்தது; முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் கண்ணாடி போல் இருந்தது. அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த மாலை இனி வராது.

"இதற்குத்தான் உறையில் எழுதியபடி செய்யுங்கள், சோதனை வேண்டாம் என்றோம்" என்றனர் சிலர். அவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. எங்கள் தவறு சோதனை செய்ததன்று. திரும்பக் கிடைக்காத ஒன்றின்மேல், பலவற்றை ஒருசேர மாற்றிச் சோதனை செய்ததே தவறு. வேகமா, நேரமா, குளிரா, எது படத்தைக் கெடுத்தது என்று இன்றுவரை எங்களால் சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாத தோல்வி பாடம் ஆகாது, வெறும் நட்டமே.

பின்னர் சிஸ்டரிடம் கேட்டு இன்னொரு சுருள் பெற்றோம். எச்.பி.5 பிளஸ் சுருளை அதற்குரிய 400 வேகத்திலேயே வைத்து, மகிழ மரத்தடியில் வெள்ளைச் சீருடையையும் கறுப்புக் காலணியையும் திரும்பத் திரும்ப எடுத்தோம். இருளில் அதை மூன்று துண்டாக வெட்டினோம். வெப்பத்தை 20 பாகையிலேயே நிறுத்தினோம். முதல் துண்டு நீர் கலவாத டி-76 கரைசலில் ஏழரை நிமிடம். இரண்டாவது சரிபாதி நீர் கலந்த டி-76 கரைசலில் 11 நிமிடம். மூன்றாவது ஒரு பங்கு ரோடினாலுக்கு 50 பங்கு நீர் சேர்த்து 11 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் அதற்கென அச்சிட்ட நேரத்தையே கொடுத்தோம். மாறியது கரைசல் மட்டுமே.

எத்தனை வேறுபாடு! 1927 முதல் வழங்கிவரும் டி-76 கரைசலில் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட்டு உண்டு. அது வெள்ளி மணிகளின் ஓரத்தைச் சற்றே கரைப்பதால் முதல் துண்டு மிருதுவாக இருந்தது. நீர் கலந்ததும் அக்கரைப்பு குறைந்து, விளிம்புகள் கூர்மை பெற்றன. 1891-ல் தோன்றிய ரோடினாலிலோ மணிகள் மணல்போல் தெரிந்தன. காலணியின் தையல் ஒவ்வொன்றையும் எண்ண முடிந்தது. எது சிறந்தது என்று கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்போம். குழந்தையின் கன்னத்துக்கு முதலாவது. பழைய கற்சுவருக்கு மூன்றாவது.

சுருள் விலை மிகுந்தது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. உதகமண்டலத்தில் 'இந்து' பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று இல்லை. நாங்கள் வாங்குவது கடல் கடந்து வருகிறது. அதனாலேயே, முழுச் சுருளை இழப்பதைவிட ஒரு துண்டை இழப்பது சிக்கனம் என்கிறோம்.

இன்னுமொன்று. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் விடை சரியாக வரவேண்டுமென்று அளவை அழித்து எழுதும் பழக்கம் நம்மிடையே உண்டு. மனம் திறந்து சொன்னால், நாங்களும் செய்திருக்கிறோம். நெகடிவ் அப்படி அழித்தெழுத இடம் தராது. ஆகவே பருவத்துக்கு ஒரு சுருளைச் சோதனைக்கென்றே ஒதுக்க வேண்டும். கெட்டுப்போன துண்டுகளையும் நாள், நேரம், வெப்பம் குறித்து ஒரு ஏட்டில் ஒட்டிவைக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். பள்ளியார் ஆவன செய்வார்கள் என நம்புகிறோம்.

அவ்வேட்டின் முதல் பக்கத்தில் ஆயாம்மாவின் முகம் தெரியாத அந்தத் துண்டை நாங்களே ஒட்டிவிட்டோம். அடுத்த ஆண்டு இருட்டறைக்குள் நுழையும் தங்கைகளே, முதலில் அதைப் பாருங்கள். பிறகு கரைசலைக் கலக்குங்கள்.