இறங்க மறுப்பவர்களின் தகுதி

இடஒதுக்கீடு என்றதும் 'அப்போ தகுதி?' என்று நம்மிடம் கேட்பவர்களை, கால்பந்து லீக்கின் புள்ளிப்பட்டியலை ஒருமுறை பார்க்கச் சொல்கிறோம். வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் 1. சீசன் முடிவில் மேலே இருப்பவர் அடுத்த டிவிஷனுக்கு ஏறுவார், கடைசியில் இருப்பவர் இறங்குவார். இங்கிலாந்தின் லூட்டன் டவுன் 2014 வரை ஐந்தாம் நிலையில் கிடந்த அணி. 2023இல் பிரீமியர் லீக்குக்கே ஏறியது. 2024இல் இறங்கியது, 2025இல் மேலும் ஒரு படி இறங்கியது. அதன் பூர்வீகத்தை யாரும் கேட்கவில்லை.

அந்த இங்கிலாந்திலும் 1986 வரை நான்காம் டிவிஷனுக்குக் கீழே ஒரு சுவர் இருந்தது. கடைசி நான்கு இடங்களில் வந்த அணிகள் 'மறுதேர்தலுக்கு' நிற்கும். ஓட்டுப் போடுபவர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கும் கிளப்காரர்கள். பெரும்பாலும் பழைய அணிகளே மறுபடி உள்ளே வரும், வெளியே முதலிடம் பிடித்த அணி வெளியேயே நிற்கும். ஊர்க்கூட்டம் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1987இல்தான் ஸ்கார்பரோ யாரிடமும் ஓட்டுக் கேட்காமல் புள்ளிகளால் மட்டுமே உள்ளே போனது, லிங்கன் சிட்டி இறங்கியது. லிங்கன் ஒன்றும் அழிந்துவிடவில்லை, அடுத்த ஆண்டே ஜெயித்துத் திரும்பி வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது இடங்கள் ஏலத்தில் போயின. மிசோரத்தின் ஐசால் அணி 2017இல் ஐ-லீக்கை வென்றது, வடகிழக்கிலிருந்து அதை வென்ற முதல் அணி. உண்ணாவிரதம் இருப்போம் என்றுகூட அறிவித்துப் பார்த்தார்கள், சூப்பர் லீக்கின் கதவு திறக்கவில்லை. அந்த ஆண்டு ஏலம் வழியாக உள்ளே போனவை பெங்களூரும், டாடாவின் ஜாம்ஷெட்பூரும். 2019இல் கோவையில் ஆடிய சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன். அதற்கும் இடமில்லை. கோகுலம் கேரளா 2021, 2022 என அடுத்தடுத்து இரண்டு முறை வென்றும் இல்லை. 2023இல் பஞ்சாப் அணிதான் முதன்முதலாக ஆட்டத்தால் ஏறியது. ஆனால் 2025 வரை நடந்த 11 சீசன்களில் ஒரு அணிகூடத் தோற்றதற்காகக் கீழே இறக்கப்படவில்லை. பணம் போட்டவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமாம். தலைமுறை தலைமுறையாக உள்ளேயே இருக்கிறவர்களுக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பை யாரும் 'சலுகை' என்று சொல்வதில்லை, கவனித்தீர்களா?

தோல்வியைத் தாங்க முடியாத இந்த மனம் நம் ஊரில் அரிவாள் எடுக்கிறது. 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தலித் மாணவரைப் பேருந்திலிருந்து இழுத்து விரல்களை வெட்டினார்கள். கபடியில் அவர் அணி ஜெயித்ததுதான் காரணம் என்றது குடும்பம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசன் பிறந்த அதே மண் இது.

இங்கே கோயில் கொடையை ஒட்டி நடக்கும் போட்டிகள் ஒரே ராத்திரி நாக் அவுட். யாரைக் கூப்பிடுவது, யார் நடுவர் என்பதெல்லாம் நடத்துகிறவர் விருப்பம். தோற்றவனுக்கு மறு ஆட்டம் கிடையாது, அந்தக் கோபம் தெருவுக்கு வருகிறது. லீக் வந்தால் சாதி போய்விடும் என்று நாங்கள் நம்பவில்லை. ஆனால் நடத்துவது அரசாக இருந்தால், யாரைச் சேர்ப்பது என்ற அதிகாரமாவது ஊர்ப் பெரியவர்கள் கையிலிருந்து போகும்.

ஸ்ரீவைகுண்டம் வட்டத்துக்குக் கபடி, கால்பந்து இரண்டிலும் இரண்டு டிவிஷன் லீக் வேண்டும், மாவட்ட விளையாட்டு அலுவலகமே நடத்த வேண்டும், வெளியூர் நடுவர்கள் வர வேண்டும், ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வீடு சேரும்வரை வாகனமும் பாதுகாப்பும் வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் தெரு அணியின் பெயரையும், எந்தெந்தப் போட்டியில் உங்களைச் சேர்க்க மறுத்தார்கள் என்பதையும் தேதியோடு எழுதி அனுப்புங்கள், தோழர்களே. பெண்கள் அணி இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.